காலிஃபிளவர்: 65-ஆ, வறுவலா, குருமாவா? வாங்கிய பூவுக்கு எது பொருத்தம்

மார்கழி, தை மாதங்களில் காலிஃபிளவர் மலிந்துவிடும். இலை மூடிய பெரிய பூவைப் பார்த்தால் வாங்கத் தோன்றும். வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். பிள்ளைகள் 65 கேட்பார்கள். வீட்டுப் பெரியவருக்கு எண்ணெய் ஆகாது. நாளைக் காலையில் கட்ட வேண்டிய டப்பாவுக்கும் அதே பூதான். "காலிஃபிளவரை எப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்கிற பலருக்குச் செய்முறை தெரியாமல் இல்லை. எதை என்றைக்குச் செய்வது என்பதில்தான் குழப்பம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 100 கிராம் காலிஃபிளவரில் ஏறத்தாழ 92 கிராம் தண்ணீர். சொந்த ருசி கொஞ்சம்தான், அதுவும் லேசான இனிப்பு. தண்ணீர் வெளியேறினால் அந்த இனிப்பு திரளும், ஓரம் முறுகும், வறுத்த மணம் வரும். அரைகுறையாக உள்ளே தங்கினால் சொதசொதவென்று ஆகும். குழம்பில் போட்டால் அந்தத் தண்ணீரின் இடத்தில் மசாலா இறங்கும். ஆகவே 65 செய்தாலும் குருமா வைத்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீரை என்ன செய்கிறோம் என்பதில்தான் ருசி நிற்கிறது.

வீட்டில் வழக்கமாகச் செய்யும் ஐந்து முறைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 65 (கூடவே மஞ்சூரியன்), மிளகு வறுவல், குருமா, ஆலு கோபி, அப்புறம் ஓவன் அல்லது ஏர் ஃப்ரையரில் சுடுவது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எப்போது சாப்பிடுவார்கள்? அடுப்பிலிருந்து இறக்கிய ஐந்து நிமிடத்திலா, நாலு மணி நேரம் கழித்து டப்பாவைத் திறந்தா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

எதனோடு? ரசம் சாதத்துக்கு உலர்ந்த, காரமான தொடுகறி வேண்டும். சப்பாத்திக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். இடியாப்பத்துக்குக் குழம்பாகவே வேண்டும். சாயங்காலம் டீயோடு என்றால் தனியாகவே தின்னக்கூடியதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு எண்ணெய்? காய்க்குள் போகும் எண்ணெய் ஒரு கணக்கு, வாணலியில் மீதியாகும் எண்ணெய் இன்னொரு கணக்கு. இரண்டாவதை யாரும் சேர்ப்பதில்லை.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? சமையல் குறிப்புகளில் "30 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அந்த முப்பதில் அடுப்பருகே நின்றாக வேண்டியது எத்தனை, விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கக்கூடியது எத்தனை என்பது வேறு விஷயம். காலை ஏழு மணிக்கு இந்த வித்தியாசம் பெரியது.

பூ எப்படி இருக்கிறது, எத்தனை பேர்? இறுக்கமாக, கனமாக, பாலாடை நிறத்தில் இருக்கும் பூ எதற்கும் ஆகும். தளர்ந்து, மேற்பரப்பு ரவை ரவையாகப் பிரிந்த பூவை 65-க்கு எடுத்தால் மாவுக்குள் உதிர்ந்துபோகும். நடுத்தரப் பூ ஒன்றில் இலையும் அடித்தண்டும் போனால் 400, 500 கிராம் துண்டுகள் தேறும். வறுவலாகச் செய்தால் அது நாலு பேருக்குச் சரியாகப் போகும். குருமாவாக வைத்தால் எட்டுப் பேரும் சாப்பிடலாம்.

## எல்லா முறைக்கும் பொதுவான வேலை

பூவுக்குள் பச்சைப் புழு இருக்கும் என்ற பயம் நியாயமானது. முட்டைக்கோசு, காலிஃபிளவர் இரண்டையும் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இதில் சாதாரணம். துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சள் தூளும் போட்ட வெந்நீரில் போட்டால் வெளியே வந்துவிடும். இது எல்லோரும் செய்வதுதான். தவறு நடப்பது நேரத்தில். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் துண்டுகளைப் போடுங்கள். மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. கொதிக்கக் கொதிக்கப் பத்து நிமிடம் விட்டால் பூ பாதி வெந்து, தண்ணீரையும் குடித்துக்கொண்டு, எந்த முறைக்கும் உதவாமல் போகும். வைட்டமின் சி-யும் அந்தத் தண்ணீரோடு சிங்க்கில் போய்விடும்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: உலர்த்துவது. வடிகட்டியில் ஒரு நிமிடம் வைத்தால் போதாது. சுத்தமான பருத்தித் துணியில் தண்டு மேலாக, பூ கீழாகக் கவிழ்த்து, ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். காயில் ஈரம் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் 140 டிகிரி வாக்கில்தான் வரத் தொடங்கும். ஈரத் துண்டை எண்ணெயில் போட்டால் முதல் பத்து நிமிடம் வறுபடவே செய்யாது, ஆவியில் வேகும். குருமாவுக்கு மட்டும் இந்த வேலை தேவையில்லை.

## காலிஃபிளவர் 65

சிக்கன் 65-இன் சைவத் தம்பி. ருசியில் மற்ற நாலையும் முந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்டியிலிருந்து தட்டுக்கு வந்த முதல் பத்து நிமிடத்துக்குத்தான் அந்தச் சிறப்பு. அப்புறம் உள்ளே இருக்கும் ஆவி மேல்மாவை நனைக்க ஆரம்பித்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் நீட்ட வழி உண்டு. ஒரு பூவுக்குக் கார்ன்ஃப்ளார் மூன்று மேசைக்கரண்டி, அரிசி மாவு இரண்டு, மைதா இரண்டு. இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் பிசைய வேண்டும். மாவு துண்டில் ஒட்டியிருக்க வேண்டும், வழியக் கூடாது. கடலை மாவு சேர்த்தால் அது பஜ்ஜிப் பக்கம் போய்விடும். அதுவும் நல்லதுதான், ஆனால் 65 இல்லை. மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நல்ல சூட்டில் ஒரு நிமிடம் மறுபடி போட்டு எடுத்தால் மொறுமொறுப்பு நிற்கும். கடைசி எண்ணெயில் கறிவேப்பிலையும் கீறின பச்சை மிளகாயும் பொரித்து மேலே தூவுங்கள்.

இப்போது மறைந்திருக்கும் செலவு. வாணலியில் குறைந்தது 400 மில்லி எண்ணெய் ஊற்றியாக வேண்டும். பாதிக்கு மேல் மீதியாகும். அதில் மிளகாய்த்தூளும் மாவுத் துகளும் கருகிக் கிடக்கும், பூண்டு வாடையும் இறங்கியிருக்கும். அதில் அப்பளம் பொரித்தால் அப்பளத்திலும் 65 வாசனைதான். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து அதில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, சூடாக்கும்போது நுரை கட்டினால் கொட்டிவிட வேண்டியதுதான். இல்லையென்றால் வடிகட்டி வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்குச் செலவழிக்கலாம்.

இன்னொரு செலவு, பொரிப்பவரின் நேரம். ஒரு பூவை நாலு ஈடாகப் பொரிக்க வேண்டும், அதுவும் இரண்டு சுற்று. முதல் ஈடு தட்டுக்கு வரும்போதே காலியாகும். கடைசி ஈடு இறங்கும்போது பொரித்தவருக்கு மிஞ்சுவது தூள்தான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சாப்பாட்டுக்கு இது பொருந்தாது. சமையலறை வாசலில் நின்றுகொண்டே தின்கிற ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்துக்கு இதை அடிக்க எதுவும் கிடையாது.

வெளியில் வாங்குவதா, வீட்டில் செய்வதா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. அதற்கு முன் சோதித்த 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய் பிடிபட்டு விற்பனையே தடை செய்யப்பட்டிருந்தது. வீட்டு 65 கடையில் இருப்பதுபோல ரத்தச் சிவப்பாக வராது. காஷ்மீரி மிளகாய் தரும் செங்கல் நிறம் போதும்.

மஞ்சூரியன் வேண்டுமென்றால்: இதே 65-ஐச் செய்து முடித்த பிறகு இன்னொரு சட்டி வைத்து சாஸில் புரட்ட வேண்டும். 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் சிக்கனில் ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் மஞ்சூரியனின் காலிஃபிளவர் வடிவம் இது. வீட்டுக்கு இது லாபமான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பை நாமே சாஸில் நனைத்துவிடுகிறோம். சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர் என்று மூன்று பாட்டிலைத் திறந்து, பாட்டிலுக்கு ஒரு கரண்டி எடுத்துவிட்டு ஆறு மாதம் ஃபிரிட்ஜ் கதவில் நிற்க வைக்கிறோம். உப்பும் அதிகம்: ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுவதுக்கும் 2000 மில்லிகிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃப்ரைடு ரைஸ் செய்யும் நாளில், அந்த பாட்டில்கள் ஏற்கெனவே திறந்திருந்தால், சரி, செய்யலாம்.

## மிளகு வறுவல்

அன்றாட வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரும்புச் சட்டி இருந்தால் எடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய். சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, உலர்ந்த துண்டுகளைத் தட்டைப் பக்கம் சட்டியில் படும்படி ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கரண்டியால் ஓயாமல் கிளறுவதுதான் இந்தக் கறியைக் கெடுக்கும் பழக்கம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டால் போதும். மூடி போடக் கூடாது. தண்டு கெட்டியாக இருந்தால் நடுவில் இரண்டு நிமிடம் மட்டும் மூடித் திறக்கலாம். உப்பைப் பாதி வழியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டு, வதக்கல் வேகவைப்பாக மாறிவிடும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் ஓரங்கள் பழுப்பாகும். அப்போது மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் கொரகொரப்பாகப் பொடித்து ஒன்றரை தேக்கரண்டி தூவி, இரண்டு புரட்டுப் புரட்டி இறக்க வேண்டும். மிளகைத் தொடக்கத்தில் போட்டால் மணம் ஆவியாகிப் போகும், காரம் மட்டும் மிஞ்சும். டப்பாவில் வாங்கி வைத்த மிளகுத்தூளுக்கும் அப்போது இடித்த மிளகுக்கும் உள்ள தூரம் இந்தக் கறியில் நன்றாகத் தெரியும்.

மேலே மாவு இல்லாததால் இது நனைந்து கெடுவதற்கு ஒன்றுமில்லை. மதியம் டப்பாவைத் திறக்கும்போது முறுகல் குறைந்திருக்கும், ருசி குறையாது. ரசம் சாதம், தயிர் சாதம் இரண்டுக்கும் அப்படி ஒத்துப்போகும். மிளகுக் காரம் ஆகாத சின்னப் பிள்ளைகளுக்கு, மிளகுப்பொடி போடும் முன் ஒரு கை எடுத்து வைத்துவிடலாம். இந்த வசதி 65-இல் கிடையாது.

சிக்கல் அளவில் வருகிறது. ஒரே அடுக்கு என்றால் சாதாரணச் சட்டியில் முக்கால் பூதான் பிடிக்கும். ஆறு பேருக்கு என்றால் இரண்டு ஈடு, அதாவது அரை மணி நேரம் ஓர் அடுப்பு முழுவதும் இதற்கே. நாலும் ஐந்தும் அடுக்காகக் கொட்டி ஒரேயடியாக முடிக்கலாம் என்று நினைத்தால் கிடைப்பது பொரியல்தான். பொரியல் கேவலமில்லை. தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால் சாம்பார் சாதத்துக்கு அருமையாக இருக்கும். ஆனால் வெயில் காலத்தில் தேங்காய் போட்ட பொரியலை மதியம் வரை டப்பாவில் விடுவது ஆபத்து. நான்ஸ்டிக் சட்டியில் வறுவல் செய்பவர்கள் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதிகச் சூடு அந்தப் பூச்சுக்கு நல்லதில்லை.

## குருமா

பூ கொஞ்சம் பழசாகிவிட்டதா, தளர்ந்துவிட்டதா, விருந்தாளி வேறு வருகிறார்களா? யோசிக்க வேண்டாம், குருமாதான்.

தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சை மிளகாய், நாலு முந்திரி. இந்த விழுதுதான் இங்கே ருசி. வெங்காயம், தக்காளி வதக்கி, உருளைக்கிழங்கையும் பச்சைப் பட்டாணியையும் முதலில் வேகவிட்டு, காலிஃபிளவரைக் கடைசியில் போடுங்கள். அதற்கு ஆறேழு நிமிடக் கொதி போதும். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு விசில் விடுபவர்கள், திறந்ததும் பூவைத் தேட வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி வெந்த காலிஃபிளவரில் இன்னொரு தொல்லையும் உண்டு. முட்டைக்கோசு குடும்பத்துக் காய்களில் கந்தகச் சேர்மங்கள் அதிகம், வேகும் நேரம் கூடக் கூட அந்த வாடை வெளியே வரும். "காலிஃபிளவர் குருமா நாறுது" என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் குக்கர்தான் காரணம்.

இங்கே செலவு தேங்காயில் இருக்கிறது. நல்ல குருமாவுக்கு அரை மூடி போகும். முந்திரி, கசகசா விலையும் கூட்டிப் பார்த்தால், மலிவாக வாங்கிய பூவுக்குப் போட்ட மசாலா பூவைவிட விலை கூடியதாக இருக்கும். தேங்காய் அரைத்ததால் சீக்கிரம் புளிக்கும். சித்திரை வெயிலில் காலையில் வைத்த குருமாவைச் சாயங்காலம் வரை வெளியே விட முடியாது. மிக்ஸி ஜார், கடாய், குக்கர் என்று கழுவவும் நிறையச் சேரும்.

ஆனாலும் ஒரு பூவை எட்டுப் பேருக்கு நீட்டும் ஒரே முறை இதுதான். அடுப்பருகே நிற்கும் நேரமும் குறைவு. கொதிக்கவிட்டுவிட்டு சப்பாத்தி தேய்க்கப் போகலாம். சப்பாத்தி, பரோட்டா, இடியாப்பம், ஆப்பம் எதற்கும் மறுப்புச் சொல்லாது. கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருந்தால், பூவை மட்டும் தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கிக் கடைசியில் சேருங்கள். குருமாவின் தரமே ஒரு படி ஏறும்.

## ஆலு கோபி

காலிஃபிளவர் இந்தியாவுக்கு 1822-இல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர் தோட்டத்துக்கு வந்தது என்பது தோட்டக்கலைப் புத்தகங்களில் உள்ள பதிவு. வடக்கில் அது குளிர்காலக் காயாக வேரூன்றி, உருளைக்கிழங்கோடு ஜோடி சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. நம் பக்கம் பலர் இதைத் தக்காளிக் குழம்பாக வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது உலர்ந்த கறி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மூடி போட்டுச் சிறு தீயில் வேகவைப்பது. இங்கே காயின் தண்ணீரையே நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள், மல்லித்தூள். உருளை பாதி வெந்ததும் பூ. எல்லாம் வெந்ததும் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் சூட்டைக் கூட்டி ஈரத்தை ஓட்ட வேண்டும். மாங்காய்த்தூள் இருந்தால் அரைத் தேக்கரண்டி, இல்லையென்றால் இறக்கியபின் எலுமிச்சை. சப்பாத்தியோடு டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒழுகாது, தேங்காய் இல்லாததால் புளிக்காது, ஆறினாலும் நன்றாக இருக்கும். சோற்றோடு சுமார்தான். உருளைக்கிழங்கு சேர்வதால் சர்க்கரைக்காரர்கள் இருக்கும் வீட்டில் உருளையைக் குறைத்துப் பட்டாணியைக் கூட்டலாம்.

## ஓவன், ஏர் ஃப்ரையர்

"எண்ணெய் இல்லாமல் அதே 65 வருமா?" என்று கேட்டால், வராது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. மாவு கரைத்த துண்டுகளை ஏர் ஃப்ரையரில் வைத்தால் மாவு வெள்ளைத் தூளாகத் திட்டுத் திட்டாக நிற்கும், அடியில் ஒட்டும். இந்தக் கருவியை 65-க்கு மாற்றாகப் பார்க்காமல் தனி முறையாகப் பார்த்தால் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

இரண்டு வழிகள் தேறும். ஒன்று, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் மட்டும் பிசறி 200 டிகிரியில் சுடுவது. ஏர் ஃப்ரையரில் 18 முதல் 20 நிமிடம், ஓடிஜி ஓவனில் பத்து நிமிடம் முன்சூடு போக 25 முதல் 30 நிமிடம். நடுவில் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். ஓரங்கள் நன்றாகக் கறுக்கும் அளவுக்கு விடுங்கள், இனிப்பு அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது தந்தூரி வகை: துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், வறுத்த கடலை மாவு, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், கரம் மசாலா. அரை மணி நேரம் ஊறவைத்துச் சுட வேண்டும். தயிரை வடிக்காமல் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும், சுடுபடாது.

செலவுக் கணக்கு போடலாம். 1500 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். நாலு லிட்டர்க் கூடையில் அரைப் பூதான் பரவலாக வைக்க முடியும், ஆக முழுப் பூவுக்கு ஒரு யூனிட். அது பெரிய தொகை இல்லை. ஆனால் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடாக இருந்தால் தமிழ்நாட்டுக் கட்டண அடுக்கு மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலிஃபிளவருக்காக மட்டும் யாரும் ஏர் ஃப்ரையர் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்தால், இரண்டு அடுப்பும் சோறு குழம்பு என்று வேலையாக இருக்கும் நேரத்தில் இது பெரிய உதவி. ஒருவரும் நிற்க வேண்டாம்.

எண்ணெய் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் இதுவும் மிளகு வறுவலும் ஏறக்குறையச் சமம். பச்சைக் காலிஃபிளவர் 100 கிராமில் 25 கலோரி அளவுதான், இரண்டு கரண்டி எண்ணெயை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் பெரிதாகக் கூடிவிடாது. 65 தின்றுவிட்டுக் காய்கறி சாப்பிட்ட கணக்கில் எழுதிக்கொள்வது மட்டும் செல்லாது.

## ஒரே பார்வையில்

| முறை | அடுப்பருகே நிற்கும் நேரம் | எண்ணெய் | டப்பாவுக்கு | எதனோடு | கவனிக்காத செலவு |
|---|---|---|---|---|---|
| 65 | 35–40 நிமிடம் | அதிகம், மீதியும் ஆகும் | ஆகாது | தனியாக, டீயோடு | மீதி எண்ணெய், பொரிப்பவரின் பொறுமை |
| மஞ்சூரியன் | 50 நிமிடம் வரை | அதிகம் | ஆகாது | ஃப்ரைடு ரைஸ் | சாஸ் பாட்டில்கள், உப்பு |
| மிளகு வறுவல் | 15–20 நிமிடம் | 2 மேசைக்கரண்டி | நன்றாக ஆகும் | ரசம், தயிர் சாதம் | கூட்டம் கூடினால் இரண்டு ஈடு |
| குருமா | 15 நிமிடம் | 2 மேசைக்கரண்டி | குளிர் காலத்தில் ஆகும் | சப்பாத்தி, இடியாப்பம், பரோட்டா | தேங்காய், முந்திரி, பாத்திரம் |
| ஆலு கோபி | 10 நிமிடம் | 2 மேசைக்கரண்டி | மிக நன்றாக ஆகும் | சப்பாத்தி | சிறு தீயில் அரை மணி கேஸ் |
| ஓவன், ஏர் ஃப்ரையர் | 5 நிமிடம் | 2 மேசைக்கரண்டி | சுமார் | தனியாக, சாம்பார் சாதம் | கருவி, மின்சாரம், கூடை கழுவுவது |

சுத்தம் செய்து உலர்த்தும் அரை மணி நேரத்தை இதில் சேர்க்கவில்லை. அதை முந்தைய நாள் இரவே முடித்து, துணி விரித்த டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். ஃபிரிட்ஜ் குளிரில் மேல் ஈரம் இன்னும் காய்ந்து வறுவலுக்கு நல்லதாகவே முடியும்.

வாயுத் தொல்லை உள்ளவர்கள் எந்த முறைக்கு மாறினாலும் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். காலிஃபிளவரில் உள்ள மானிடால் என்ற சர்க்கரை வகைச் சேர்மம் சிலர் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அளவைக் குறைத்துக்கொள்வதுதான் வழி.

## முடிவு எடுக்க முடியாவிட்டால், பூவைப் பிரியுங்கள்

ஒரு பூவுக்கு ஒரு முறைதான் என்று யாரும் சொல்லவில்லை. பூவின் வெளிவட்டத்தில் இருக்கும் பெரிய, இறுகிய துண்டுகளை 65-க்கோ ஓவனுக்கோ ஒதுக்கலாம். நடுவில் இருக்கும் சின்னத் துண்டுகள் சீக்கிரம் வறுபடும், அவை வறுவலுக்கு. வெட்டும்போது பலகையில் உதிரும் தூளைக் குருமா விழுதோடு சேர்த்து அரைத்தால் குழம்பு கெட்டிப்படும், முந்திரியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். கோதுமை மாவோடு பிசைந்து சப்பாத்தியாகவும் தேய்க்கலாம்.

அடித்தண்டின் தோலைச் சீவிவிட்டு உள்ளே பார்த்தால் நூல்கோல் மாதிரியே இருக்கும். இரண்டும் ஒரே தாவர இனம்தான். மெல்லிய வில்லைகளாக நறுக்கிச் சாம்பாரில் போடலாம். பூவை ஒட்டியிருக்கும் இளம் இலைகளைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள், கீரைக்கு நிகராக இருக்கும். வெளிப்புறத்து முற்றின இலை மட்டும் நாராக இருக்கும், அதை விட்டுவிடலாம். பிரிக்காத பூவை இலையோடு, ஈரமில்லாமல், தண்டு மேலாக வைத்தால் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். கரும்புள்ளி வர ஆரம்பித்தால் அந்த இடத்தைச் சீவிவிட்டு அன்றைக்கே குருமா வைத்துவிடுங்கள்.